நான் ஒளித்து வைத்த டெஸ்டர்

அன்புள்ள அப்பு,

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிற அம்மா எதற்கு இத்தனை பக்கம் எழுதியிருக்கிறாள் என்று நீ பயந்துவிடக் கூடாது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் அப்பாவுக்கும் மணிக்கட்டு நன்றாகக் கூடிவிட்டது. வேலைக்கு நடுவில் இதைப் படிக்க வைப்பதற்கு மன்னித்துக்கொள். போனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று ஞாயிறு முயன்றேன். நீ "சாப்டியாம்மா" என்பாய், நான் "சாப்டேன்" என்பேன், அதற்குமேல் எனக்கு வாய் எழாது. வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறித் திண்டுக்கல் வந்து பி.ஏ. படித்த மூன்று வருடத்தில், வகுப்பில் நான் வாய் திறந்தது வருகைப் பதிவின்போது மட்டும்தான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பதால் நிறையப் பேசுவேன் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நான் நிறையப் பார்த்தேன். பேச்சு கடைசிவரை வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். உறையை ஒட்டாமல் உன் அப்பாவிடம் கொடுக்கப்போகிறேன். அவர் படித்துவிட்டு ஒட்டட்டும். அங்கே வந்ததும் ரெஜினாவும் படிக்கட்டும். யார் படித்தாலும் எனக்கு மறுப்பில்லை.

விஷயம், உன் கல்யாணத்துக்குப் பிறகு ரெஜினா நம் வீட்டுச் சுவரில் மாட்டிய அந்தச் சாமான் பலகையைப் பற்றியது. உன் அப்பா ஸ்டூலிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்ட ஞாயிற்றுக்கிழமை, பலகையில் டெஸ்டர் இல்லாமல் போனதே, அதைப் பற்றியது. அதை எடுத்தவள் நான். இதை எழுதிவிட்டால் மற்றதெல்லாம் எளிதாக வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நடுவில் எழுந்துபோய் இரண்டு குடம் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உன் அப்பாவின் சாமான்கள் எல்லாம் ஓர் உரச்சாக்கில் கிடந்தன. மில்லில் ஃபிட்டர் அவர். அங்கே ஒவ்வொரு ஸ்பேனரும் அதனதன் இடத்தில் இருக்கும் என்று பெருமையாகச் சொல்வார். வீட்டில் ஒரு குழாய் ஒழுகினால் சாக்கைத் தலைகீழாகத் தரையில் கவிழ்ப்பார், தேவையானதை எடுத்துக்கொள்வார், வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப அள்ளிப் போடுவார். ஒரு நாள் ஏணி மேலிருந்து ஸ்பேனர் கேட்டார். எனக்கு அது எதுவென்று தெரியாது, கேட்கவும் கூச்சம். கையில் பட்டதை எடுத்து நீட்டினேன். உன் லூர்து அத்தை அன்றைக்கு வந்திருந்தாள். "ஏன் தம்பி, பி.ஏ. படிச்ச பொண்டாட்டி கட்டிக்கிட்டு வந்தியே, ஸ்பேனரக் கேட்டா சுத்தியலத் தாரா. எந்தக் காலேஜுல படிச்சாளாம்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவர் வேலை செய்யும்போதெல்லாம் ஏதாவது காரணம் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க ஆரம்பித்தேன்.

பெயர் தெரியாததால் பெயரை வைத்து அடுக்க எனக்கு வழியில்லை. வேலையை வைத்து அடுக்கினேன். குழாய்க்கு உட்காரும்போது அவர் எதையெல்லாம் எடுக்கிறார் என்று பார்த்து, அந்த ரிஞ்ச், வாசர்கள், நூல்கண்டு எல்லாவற்றையும் ஒரு பால்பவுடர் டின்னில் போட்டேன். பியூஸ் போட எடுப்பவை இன்னொரு டின்னில். கரண்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற டெஸ்டர், சின்ன ஸ்க்ரூ டிரைவர், பியூஸ் கம்பி, கறுப்பு டேப். சைக்கிளுக்கு ஒரு டின். கிறிஸ்துமஸுக்கு வாசலில் ஸ்டார் கட்டுவதற்கென்று ஒரு பிஸ்கட் டின். அதில் கட்டுக்கம்பி, பழைய கட்டிங் பிளேயர், பல்பு ஹோல்டர், நாலு ஆணி. ஒரே மாதிரி ஸ்க்ரூ டிரைவர் மூன்று டின்னில் இருந்தால் இருக்கட்டும். ஒரு வேலைக்கு ஒரு டின்னைத் திறந்தால் போதும், இன்னொன்றைத் தேடி எழுந்து போக வேண்டாம். உன் அப்பா முதல் தடவை குழாய் டின்னைத் திறந்தபோது, ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார், திரும்ப ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார். "எல்லாம் ஒண்ணா இருக்கே" என்றார். எனக்குப் பட்டம் கொடுத்த அன்றைக்குக்கூட அத்தனை சந்தோஷமாக இருந்ததில்லை.

நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த காலம் அது. அப்போதிலிருந்து நம் வீட்டில் எது கெட்டுப்போனாலும் உன் அப்பா சமையலறை வாசலுக்கு வருவார். "டெஸ்டர் எங்க இருக்கு?" "பியூஸ் டின்ல." "டின்னு எங்க?" "மேல் தட்டுல, அரிசி டப்பாவுக்குப் பின்னால." எடுத்துக்கொண்டு உடனே போக மாட்டார். செத்த நேரம் வாசல் கட்டையில் சாய்ந்து நிற்பார். நறுக்கி வைத்த காரட்டில் ஒன்றை எடுத்து மெல்லுவார். மில்லில் எந்த மிஷின் நின்றது, யாருக்கு யாரோடு சண்டை என்று இரண்டு வார்த்தை வரும். வாழ்க்கையில் நாங்கள் பேசிக்கொண்டதில் பாதி அப்படி நின்றபடி பேசியதுதான். பிறகு நீயும் வந்தாய். "அம்மா, சைக்கிள் டின் எங்க?" என்பாய். நான் சொல்வேன், நீ அங்கேயே நின்று பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்லுவாய்.

மற்றதை யாரும் என்னிடம் கேட்டதில்லை, அப்பு. இதைப் புகாராகச் சொல்லவில்லை, அப்படித்தான் இருந்தது. மாடியில் ரூம் எடுக்கலாமா என்று உன் அப்பா லூர்து அத்தையிடம் கேட்டார். உன்னைப் பதினொன்றாம் வகுப்பில் எந்தக் குரூப்பில் சேர்ப்பது என்று அத்தையும் அப்பாவும் ஹாலில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். அப்புறம் படிவம் நிரப்ப என்னைக் கூப்பிட்டார்கள், என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால். ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் நூறு படிவம் சரிபார்க்கிறவள் நான். என் வீட்டில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான், அது எங்க இருக்கு, இது எங்க இருக்கு. அதை நான் எப்படிப் பிடித்துக்கொண்டேன் என்று இப்போது சொல்கிறேன். நீ எட்டாம் வகுப்பில் ஒரு விடுமுறை நாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி எல்லா டின்னுக்கும் பேர் ஒட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? அழகாகத்தான் ஒட்டியிருந்தாய். இரண்டு வாரம் யாரும் என்னிடம் வரவில்லை. மூன்றாவது வாரம் டின்னெல்லாம் துருப்பிடிக்கிறது என்று சொல்லி, அத்தனையையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். துரு ஒன்றும் இல்லை. நீ வந்து பார்த்துவிட்டு, "போம்மா, மறுபடி எழுதணுமா?" என்றாய். எழுதவில்லை. அதற்குப் பிறகு அவ்வப்போது டின்களின் இடத்தையும் மாற்றி வைக்க ஆரம்பித்தேன். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. உங்களுக்கு இடம் பழகிப்போகக் கூடாது என்பதற்காக. நீங்கள் இருவரும் "அம்மாவுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

ரெஜினா வந்தபோது எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும். ஒட்டன்சத்திரத்துப் பெண், அவள் அப்பா பம்ப்செட் பழுது பார்க்கிறவர், மகளைப் பாலிடெக்னிக்கில் படிக்க வைத்தவர். யாரிடமும் கூச்சமில்லாமல் பேசுவாள். அந்தப் பேச்சைக் கேட்கும்போதே எனக்குள் ஒரு மூலையில் உறுத்தும். வந்து ஒரு மாதத்தில் ஒரு மிக்ஸி ஸ்க்ரூவுக்காக அவள் நாலு டின்னையும் திறந்து பார்த்தாள். அன்று சாயங்காலம் என்னிடம் வந்தாள். "ஏனுங்க அத்தை, இதுகளை நீங்க எப்படிப் பிரிச்சு வெச்சிருக்கீங்கன்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்க. எங்க ஒர்க்ஷாப்புல மாதிரி ஒரு பலகையில மாட்டிப்போடலாமுங்க. உங்க கணக்குலயே மாட்டலாம்." நன்றாகக் கவனி. இந்த வீட்டில் எத்தனையோ வருடமாக டின் எங்கே என்று கேட்டார்கள். ஏன் அப்படி அடுக்கினாய் என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். நான் கீரையை ஆய்ந்துகொண்டே, "எனக்கு என்னம்மா தெரியும். உனக்குத் தோதுப்பட்ட மாதிரி வச்சுக்க" என்றேன்.

அவள் வைத்தாள். நீதானே பிளைவுட் வாங்கி வந்தாய். ஒவ்வொரு சாமானையும் பலகையில் படுக்க வைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, உள்ளே வெள்ளை பெயிண்ட் அடித்தாள். சின்னதிலிருந்து பெரிது வரை ஸ்பேனர் ஒரு வரிசை, ஸ்க்ரூ டிரைவர் ஒரு வரிசை, கோடியில் தனியாக டெஸ்டர். எடுத்த சாமானைத் திரும்ப மாட்டாவிட்டால் அந்த வெள்ளை உருவம் மட்டும் தெரியும், என்ன குறைகிறது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம் என்றாள். உன் அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் முன்னால் எத்தனை நேரம் நின்றார். "மில்லுல இருக்க மாதிரியே இருக்கு. இம்புட்டு வருஷத்துல இந்த வீட்ல ஒருத்தருக்கும் இது தோணலையே" என்றார். அவர் என்னைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. அவருக்கு அந்த மாதிரி சூது தெரியாது. அதனால்தான் அது ஆழமாக இறங்கியது. அந்த வாரம் அவர் வாஷ்பேசின் குழாயைச் சரி செய்தார். நேராகப் பலகைக்குப் போனார், எடுத்தார், முடித்தார், மாட்டினார். சமையலறைப் பக்கம் வரவேயில்லை. டார்ச் பிடிக்க மட்டும் கூப்பிட்டார், "ரெஜினா" என்று. ஒரு காலையில் அவர் அவளை எத்தனை முறை கூப்பிட்டார் என்று எண்ணினேன். ஏழு முறை. காரட்டை நறுக்கி ஒரு தட்டில் வைத்திருந்தேன், அது வதங்கிப்போனது, சாயங்காலம் பொரியலில் போட்டேன்.

பலகையைப் பார்க்காமல் இருக்கப் பழகலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அது ஹாலிலிருந்து பின்கட்டுக்குப் போகிற வழியில் இருந்தது. போகும்போதும் வரும்போதும் ஏதாவது ஒன்று கோணலாக இருக்காதா என்று கண் தேடும். ஒரு சனிக்கிழமை மத்தியானம், நீயும் ரெஜினாவும் கோவிலுக்குப் போயிருந்தபோது, டெஸ்டரை எடுத்துத் தையல் மெஷின் டிராயரில் நூல் உருண்டைகளுக்குக் கீழே வைத்தேன். என்ன நினைத்தேன் என்று உனக்குச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கோ மறுநாளோ உன் அப்பாவுக்கு அது தேவைப்படும். பலகையில் இருக்காது. சமையலறை வாசலுக்கு வந்து நிற்பார், "டெஸ்டர் எங்க இருக்கு?" என்பார். "அதுவா, தையல் மெஷின் டிராயர்ல கிடந்துச்சே" என்று சாதாரணமாகச் சொல்வேன். அவ்வளவுதான் என் திட்டம். அந்த ஒரு வாக்கியத்தைப் பூசை நேரத்தில்கூட மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

மறுநாள் நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து உனக்குத் தெரியாது. லூர்து அத்தை குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தாள். ரெஜினாவின் அப்பாவும் ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு மூட்டைக் காய்கறியோடு வந்திருந்தார். பன்னிரண்டு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்தது. நம் தெருவில் அது ஒரு மணி நேரம் வரும், சில நாள் அதுவும் வராது. போட்ட ஐந்தாவது நிமிடம் மோட்டார் நின்றுவிட்டது. நீ தொட்டிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா ஈர லுங்கியோடு வந்து, பலகையைப் பார்த்து, "ரெஜினா, டெஸ்டர எங்கம்மா?" என்றார்.

"பலகையிலதானுங்க மாமா இருக்கும்."

"இல்லையே."

"நேத்துக் காலையில இருந்துச்சுங்களே." அவள் ஓடி வந்து அந்த வெள்ளை உருவத்தின் மேல் கையை வைத்துப் பார்த்தாள், அங்கே இருந்து கண்ணுக்குத் தெரியாமல் போனதுபோல.

"படம் இருக்கு, பொருளக் காணோம்" என்று லூர்து அத்தை சிரித்தாள். "எங்க தம்பி பொண்டாட்டி டின்னுல போட்டு வச்சிருந்தாலும் கேட்டா எடுத்துத் தருவா."

நான் வெங்காயம் உரித்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். அத்தை என்னைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. இப்போது கேட்பார்கள், இப்போது கேட்பார்கள் என்று நின்றேன். யாரும் கேட்கவில்லை, அப்பு. எல்லாரும் ரெஜினாவைக் கேட்டார்கள். மாற்றி அடுக்கியவள் அவள் என்பதால் பதில் சொல்ல வேண்டியவளும் அவள்தான் என்று ஆகிவிட்டது. அவள் கட்டிலுக்குக் கீழே, அலமாரிக்குப் பின்னால், குப்பைக் கூடையில் என்று தேடினாள். நீ தொட்டியடியிலிருந்து கத்தினாய், "தண்ணி நிக்கப்போகுது, ஒரு சாமான ஒழுங்கா வைக்கத் தெரியலயா? உன்னை யார் இதெல்லாம் தொடச் சொன்னது?" என்று. அவள் அப்பா முன்னால். டெஸ்டர் எனக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது. நான் போய் எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் கேட்காமல் எடுத்துக் கொடுத்தால் ஒளித்தது நான் என்று தெரிந்துவிடும். கேட்டால்தான் அந்த வாக்கியத்தைச் சொல்ல முடியும். இப்படி ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டு கையில் வெங்காயத்தோடு நின்றேன்.

"விடுங்கடா" என்று உன் அப்பா ஸ்டூலில் ஏறினார். பியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டு, கரண்ட் வருகிறதா என்று புறங்கை விரலால் தட்டிப் பார்த்தார். பழைய ஃபிட்டர்களின் கெட்ட பழக்கம். கை ஈரம், ஸ்டூலும் ஈரம். அவர் விழுந்த சத்தத்தை நான் முதலில் கேட்டேன், பிறகுதான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வருவதற்குள் அத்தை பேசியதெல்லாம் உனக்கு நினைவிருக்கும். "நல்லா ஓடிக்கிட்டிருந்த வீடு. படம் வரைஞ்சு மாட்டுனாங்க, ஆளையே சாச்சுப்புட்டாங்க." நீ பார்க்காத ஒன்றை நான் பார்த்தேன். ரெஜினாவின் அப்பா அத்தைக்கு முன்னால் வந்து, "புள்ளை தெரியாமப் பண்ணிப்போடுச்சுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்று கையைக் குவித்தார். நான் செய்ததற்கு அவர் கும்பிட்டார். அப்போதும் நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அறைக்கு வெளியே ஜெபமாலை சொன்னேன். அடுத்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம், "பொறாமைப்பட்டேன் சாமி" என்று மட்டும் சொன்னேன். டெஸ்டரைப் பற்றிச் சொல்லவில்லை. அங்கேயும் நாசூக்காகத் தப்பித்துவிட்டேன்.

அந்தத் திங்கட்கிழமையே ரெஜினா பலகையைக் கழற்றினாள். நான் பின்கட்டிலிருந்து வந்தபோது கடைசி ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தாள். "எதுக்கும்மா?" என்றேன். "மாமாவுக்கு ஆகாத பலகைங்க அத்தை. பழையபடி டின்னுலயே இருக்கட்டுங்க. நீங்க வெச்சு இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலைங்களே" என்றாள். முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். நான் விரும்பியது அத்தனையும் என் கைக்கு வந்துவிட்டது. அன்று மத்தியானம் டெஸ்டரை எடுத்துப் பியூஸ் டின்னில் போட்டேன். ஒரு வாரம் கழித்து உன் அப்பா இடது கையால் டின்னைத் திறந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "இங்கதான் கிடந்திருக்கு. அந்தப் புள்ள சரியாப் பாக்கல" என்றார். நீயும் கேட்டுக்கொண்டிருந்தாய். ரெஜினா தலையாட்டினாள். தன்மேல்தான் தவறு என்று அவளே நம்ப ஆரம்பித்திருந்தாள்.

இதையெல்லாம் இப்போது எழுத வைத்தது போன மாதம் கோயமுத்தூரில் நீங்கள் தனியாகக் குடிபோன வீட்டில் நான் தங்கிய நாலு நாள். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. கீழே ஒரு வாளி. நிறைந்ததும் ரெஜினா எடுத்துப் போய்ச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்து திரும்ப வைப்பாள். ஒரு வாசர் மாற்றுகிற வேலை, பத்து நிமிடம். மூன்று வருடம் பாலிடெக்னிக்கில் இதைவிடப் பெரிய வேலையெல்லாம் செய்த பெண். "நீயே மாத்தலாமேம்மா" என்றேன். "அவரு வந்து பாத்துக்குவாருங்க அத்தை. நான் தொட்டாச் சரிப்படாதுங்க" என்றாள். நீ வந்ததும் உன்னைக் கேட்டேன். அலமாரிக்கு மேலே இருந்த நீலப் பெட்டியைக் காட்டினாய். அதற்கு நம்ம ஊர்த் திண்டுக்கல் பூட்டு ஒன்று. "சாவி என்கிட்ட இருக்கும்மா. அவ கைபட்டா ஒண்ணும் எடத்துல இருக்காது" என்று சிரித்தாய். ரெஜினாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். ஸ்பேனருக்குப் பதிலாகச் சுத்தியலை நீட்டிய அன்றைக்கு நான் சிரித்தது அது.

எழுதவே கூசுகிறது, ஆனால் உண்மை. அவள் அப்படிச் சொன்னதும் முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. என் மகன் வீட்டில் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிட்டது, இனி எனக்குப் போட்டி இல்லை என்று ஒரு குளிர்ச்சி. அந்த வாளி மறுபடி நிறைந்து, அவள் மறுபடி குனிந்து தூக்கும்வரை அது இருந்தது. அப்புறம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொறாமை ஒரே நாளில் வந்து போகிற காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது வீடு மாறி, ஊர் மாறி, உன் கையில் ஒரு சாவியாக இருக்கிறது. நீ கெட்டவன் இல்லை. நீ நம்பியது பொய். அந்தப் பொய்யை உனக்குக் கொடுத்தவள் நான்.

ஊர் திரும்பிய அன்றே உன் அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அன்னைக்கு டெஸ்டர எடுத்து வச்சது நாந்தான்" என்றேன். சோற்றைப் பிசைந்த கை நின்றது.

"எங்க வச்ச?"

"தையல் மெஷின் டிராயர்ல."

"நான் கேட்டிருந்தா எடுத்துக் குடுத்திருப்பியா?" என்றார்.

"நீங்க கேக்கணும்னுதான் வச்சேன்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. தட்டைப் பார்த்தபடியே, "எனக்குக் கை ஒடஞ்சுச்சு, கட்டுப் போட்டு ஆறிப்போச்சு. பேச்சு வாங்குனது அந்தப் புள்ள. எங்கிட்ட வந்து சொல்ற? அதுகிட்டச் சொல்லு" என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர்கூட அவரே எடுத்துக் குடித்தார்.

உனக்கு நான் என்ன புத்தி சொல்ல முடியும், அப்பு. தெரிந்ததைச் சொல்கிறேன். ரெஜினா சொன்னபடி டெஸ்டர் வெளியே, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் இருக்க வேண்டும். ஆபத்து நேரத்தில் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. அவள் முறைதான் சரி. குழாய் வேலைக்கு வேண்டுமானால் என் முறை சரி, எல்லாம் ஒரே டின்னில் இருந்தால் எழுந்து நடக்க வேண்டாம். இரண்டையும் சேர்த்து வைக்கிற அறிவு உங்கள் இருவருக்கும் உண்டு. அவள் என்னிடம் கேட்ட அன்றே நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பலகை இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஒரு சாமான் காணாமல் போனால் யார் மாற்றி வைத்தது என்று முதலில் கேட்காதே. எல்லாரையும் கேள், வெங்காயம் உரிக்கிறவளையும் கேள். பெட்டிப் பூட்டை நீ எடுத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும், அதை நான் உன்னிடம் கேட்க வேண்டியதில்லை. ரெஜினாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். அதை நான்தான் கேட்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு லூர்து அத்தையைக் குடும்பத்தோடு சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். ரெஜினாவின் அப்பாவுக்கு நானே போன் செய்து, அவசியம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு இருந்தவர்கள் ஒருவர் விடாமல் இருப்பார்கள். எல்லாரும் உட்கார்ந்த பிறகு, இலை போடுவதற்கு முன்னால், எழுந்து நின்று சொல்லப்போகிறேன். எனக்கு வாய் எழுமா என்று தெரியவில்லை. இத்தனை பேருக்கு முன்னால் நான் நின்று பேசியதே இல்லை. எழுதி வைத்துப் படிக்கலாமா என்று யோசித்தேன். அது படிவம் படிக்கிற மாதிரி இருக்கும், வேண்டாம். நடுவில் குரல் உடையும், அது நிச்சயம். அப்போது என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியும். நீ எழுந்து வருவாய். என் தோளைப் பிடித்துக்கொண்டு, "விடும்மா, போனது போகட்டும், எல்லாரும் சாப்பிடுங்க" என்பாய். அத்தை அவசரமாக இலை போட்டு அப்பளத்தைப் பரிமாறுவாள். ரெஜினா யாரும் சொல்லாமலே எழுந்து கரண்டியை எடுத்துக்கொள்வாள். நீ அப்படி வந்து என்னைப் பிடித்துக்கொண்டால் எனக்கு எத்தனை சுகமாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதை எழுதும்போதுகூட அந்த நினைப்பு இனிக்கிறது. பொறாமை இன்னும் போகவில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

அதனால் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். கேட்க மனம் வராமல் கடைசிப் பக்கம்வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு என் குரல் உடைந்தாலும், நான் பாதியில் நின்றுபோனாலும், நீ என் பக்கம் வராதே. ரெஜினாவுக்குப் பக்கத்தில் போய் நில். நான் சொல்லி முடிக்கிறவரை அங்கேயே நில்.

அம்மா